பக்கத்து ஊர்க்காரன் ஓட்டு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீஸ், லாரி, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று போய், எதிலும் நிலைக்காமல் கடைசியில் போர்வெல் வண்டியில் ஏறினேன். சத்தீஸ்கரையும் மத்தியப் பிரதேசத்தையும் நான் பார்த்தது அந்த வண்டியின் இரும்புக் குழாய்கள் மேல் உட்கார்ந்துதான். முதுகு கெட்டுப்போனதும் கோவில்பட்டிக்குத் திரும்பி, அடுத்தவர் காரை வாடகைக்கு ஓட்டினேன். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாம் ஏறுவார்கள். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள்.

கட்சிக்காரர்களில் ஒருவர்தான் சாப்பிடப் போகும் இடத்தில் டிரைவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பார். மார்க்கெட்டுக்குப் பின்னால் கமிஷன் கடை வைத்திருந்தவர். கரிசல் காட்டு உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் மூட்டை மூட்டையாக அவர் கடையில் வந்து இறங்கும். வெள்ளாமை செய்கிற சம்சாரிகளுக்காக மில்காரர்களிடம் விலை பேசி விற்றுக் கொடுப்பார். முஸ்லிம். அவருடைய முன்னோர்கள் எத்தனை தலைமுறையாக இந்த ஊர் மையவாடியில் கிடக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியாது. கட்சி ஆபீசில் அவர் 'பாய்'. ஊர்நாட்டில் 'மாமா'. சம்சாரிகள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் பதிலுக்கு 'மாப்ளே' என்பார்.

மீசை முளைக்கும் முன்பே கட்சிக்குச் சுவர் எழுதப் போனவர் என்று சொல்லுவார்கள். நான் பார்க்கும்போது அறுபதைத் தாண்டியிருந்தார். ஒருதடவை கவுன்சிலராக இருந்திருக்கிறார். அதற்கு மேல் கட்சி அவருக்குக் கொடுக்க முன்வந்தது சிறுபான்மையினர் அணியில் ஒரு பொறுப்பு. அதை வாங்க மறுத்துவிட்டார்.

"அந்த அணியில சேந்தா பெருநாளைக்குப் பெருநாள்தான் கூப்பிடுவாவ. மத்த நாளெல்லாம் கொடியக் கட்டிட்டு வீட்டுல இருக்க வேண்டியதுதான்" என்றார் என்னிடம்.

அவர் கேட்டது எம்.பி. சீட். ஒவ்வொரு பார்லிமெண்ட் தேர்தலுக்கும் விருப்ப மனு கொடுப்பார். சென்னைக்கு நேர்காணலுக்குப் போவார். திரும்பி வருவார். ஏன் டெல்லி, சட்டசபை போதாதா என்று ஒருதடவை கேட்டேன். காரில் போகும்போது நான் கேட்கிற கேள்விகளை அவர் தட்டமாட்டார்.

"ஏலே, உளுந்துக்கு வெலய ஆரு வைக்கா? வெளிநாட்டுப் பயற எப்ப எறக்கணும்னு ஆரு முடிவு பண்ணுதா? நம்ம களத்துல பயறு காயுத நேரமாப் பாத்துக் கப்பல்ல வந்து எறங்குது. அத இங்கன நின்னு கத்தி என்ன பிரயோசனம். அங்கன போய்க் கத்தணும்."

கட்சி ஒவ்வொரு தடவையும் சொன்ன பதில் ஒன்றுதான். உங்களைப் போல உழைத்தவர் யாரும் கிடையாது, ஆனால் மக்கள் இன்னும் தயாராகவில்லை.

"எதுக்குத் தயாராவணும்னு கேட்டேன். சிரிச்சாவ. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்" என்றார்.

இந்தத் தடவை அவர் விடவில்லை. வயது அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த தேர்தலுக்குள் காலோ கண்ணோ போய்விடும், இதுதான் கடைசி என்று மேலிடத்தில் நேராகவே சொல்லிவிட்டார். மேலிடமும் ஒரு ஏற்பாடு சொன்னது. மதுரையிலிருந்து ஒரு வக்கீலை அனுப்புவோம், அவர் ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதுவார், சரி என்று எழுதினால் சீட் உங்களுக்கு. மாமா கூடப் போகக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்தால் யாரும் மனதில் உள்ளதைச் சொல்லமாட்டார்கள் அல்லவா. காரை மட்டும் அவர் ஏற்பாடு செய்யலாம். அப்படித்தான் நான் போனேன்.

"நீ ஒண்ணும் பேசாண்டாம். அவிய நிறுத்தச் சொல்லுத எடத்துல நிறுத்து. அது போதும்" என்று சொல்லி அனுப்பினார்.

மாசி மாதம். மக்காச்சோளம் அறுத்து முடிந்து தட்டை நின்றது. பருத்தி வெடித்திருந்தது. வக்கீல் நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். மரியாதையாகப் பேசுவார், யார் சொன்னாலும் குறுக்கே விழாமல் கேட்பார். எழுதிக்கொள்ளமாட்டார். ஒவ்வொரு ஊரை விட்டுக் கிளம்பியதும் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, அந்த ஊரில் கேட்டதைச் சொல்லிப் பதிவு செய்துகொள்வார். அதனால் அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பது எனக்கும் தெரிந்துகொண்டே வந்தது.

இடைசெவல் தாண்டி உள்ளே தள்ளி ஒரு ஊர். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வக்கீல் டீ சொல்லிவிட்டுக் கேட்டார்.

"இந்தத் தடவை பாயை நிறுத்தினா மக்கள் போடுவாங்களா?"

"ஆரு, மாமாவையா? தாராளமா நிறுத்துங்க சார். எங்க ஊர்ல ஒரு வீட்டுலயும் வேண்டாம்னு சொல்ல மாட்டாவ" என்றார் வெள்ளைத் துண்டு போட்ட ஒருவர்.

"அப்ப பிரச்சினை இல்லைங்கிறீங்க."

"எங்க ஊர்ல இல்ல. கிழக்க போங்க. அந்த ஊர்க்காரனுவ ஒரு மாதிரி. சாமி சாதின்னு நிப்பானுவ. அவனுவ போட மாட்டானுவ."

"ஆமா சார். நெத்தியில திருநூறு பூச விடுவாரான்னு கேப்பான்" என்றான் பக்கத்தில் இருந்த இளவட்டம்.

"நீ கேப்பியாலே?" என்றார் டீக்கடைக்காரர்.

"நான் எதுக்குக் கேக்கேன். அவன் கேப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். கார் கிளம்பியதும் போனில் சொன்னார்: இந்த ஊரில் ஆதரவு, கிழக்கே உள்ள ஊரில் எதிர்ப்பு.

கிழக்கே உள்ள ஊருக்குப் போனோம். வேப்பமரத்தடியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே மாமாவைப் பற்றிப் பேசியது முந்தின ஊரைவிட உருக்கமாக இருந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் அவர் உபயம் என்றார்கள். ஒரு பிரசவத்துக்கு ராத்திரியில் கார் அனுப்பியதைச் சொன்னார்கள்.

"பெறகென்ன, போட்டுற வேண்டியதுதானே?" என்றார் வக்கீல்.

"நாங்க போடுவோம் சார். தெக்க இருக்கவன் போடணுமே" என்றார் சீட்டைக் கையில் விசிறியாகப் பிடித்திருந்தவர்.

"அமெரிக்காவுலயே கறுப்பர் ஒருத்தர் ஜனாதிபதியா வந்துட்டாரு அண்ணாச்சி. நம்ம ஊர்ல மாமாவுக்கு என்ன வந்தது" என்றார் இன்னொருவர்.

"அமெரிக்காக்காரன் வேற. தெக்க இருக்கவன் வேற. நீ சீட்டப் போடு."

தெற்கே போனோம். பெரிய கோயில் உள்ள ஊர். அங்கே மேற்கைக் கைகாட்டினார்கள். மேற்கே ஒரு சர்ச் தெருவில் எங்களுக்குச் சந்தோஷம்தான் என்றார்கள். "அவியளுக்குக் கெடச்சா அடுத்த தடவ நாங்களும் கேப்போம்லா" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அவரை அடக்கினார். இந்து ஓட்டு விழாது சார், அதுதான் யோசனை என்றார். வழியில் தெலுங்கு பேசுகிற வீடுகள் உள்ள ஊரில் அவர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசி முடித்துவிட்டு, எங்களுக்குச் சம்மதம், தமிழாட்கள் போடுவார்களா என்று எங்களையே கேட்டார்கள். பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குரலைத் தணித்துச் சொன்னார்: "நம்மாளு நின்னா மத்தவங்க எல்லாம் ஒண்ணாயிருவாங்க சார். எதுக்கு வம்பு. இருக்க இடம் தெரியாம இருந்துட்டுப் போயிருவோம்."

நான்கைந்து நாள் இப்படிச் சுற்றினோம். கடைசியாக ஒட்டப்பிடாரம் பக்கம் ஒரு ஊர். பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் சொன்னார்கள்: "கிராமத்துல எல்லாரும் போடுவாவ சார். கோவில்பட்டி டவுன்காரன்தான் சந்தேகம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் ஏன் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். கெளம்பின எடத்துக்கே வந்துட்டோம்."

அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "ஆமாப்பா. ஒரு ஊர்கூட மிச்சம் இல்ல. எல்லா ஊர்லயும் எதிர்ப்பு இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு ஊரைப் பற்றியும் அதன் பக்கத்து ஊர்க்காரன் சொன்னதை அவர் பதிவு செய்திருந்தார். தன்னைப் பற்றி அந்த ஊர் சொன்னதை மரியாதைக்குச் சொன்னது என்று தள்ளிவிட்டார். படித்தவர்கள் அப்படித்தான் செய்வார்களோ என்னவோ. நான் பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பேசவில்லை.

அன்று சாயங்காலம் போர்வெல் வண்டி நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. வடக்கே ஊர்களில் சின்னப் பிள்ளைகள் வந்து எங்கள் கையைத் தொட்டுத் தேய்த்துப் பார்க்கும், இந்த நிறம் போகுமா என்று. எங்கள் கூட்டத்தில் நாமக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் கொஞ்சம் சிவப்பு. ஊர்ப் பெரியவர்களிடம் ரேட் பேச எங்கள் மேஸ்திரி அவனைத்தான் அனுப்புவார். கறுத்தவன் பேசினால் இவன்கள் மதிக்கமாட்டான்கள் என்பார். அவனுக்கு இந்தியும் வராது, ஆழம் பற்றிய கணக்கும் தெரியாது. மேஸ்திரியே என்னைவிடக் கறுப்பு. அந்த ஊர்களில் ஒருவன்கூட எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்வார்கள் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். மனதில் அவர்களுக்கு அப்படி இருந்திருக்கவும் கூடும். கேட்டுப் பார்க்காததால் எனக்குத் தெரியாது.

சுற்றிய நாட்களில் தன் வாயால் தன் ஓட்டைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு ஆள்தான். ஒரு பொம்பளை. ரோட்டோரப் புஞ்சையில் சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்கப் போன வக்கீல் அப்படியே விஷயத்தையும் கேட்டார்.

"நான் போட மாட்டேன்" என்றார் அந்தப் பெண், கை நிற்காமல்.

வக்கீலுக்கு ஆச்சரியம். "ஏம்மா?"

"பயிர் இன்சூரன்ஸ் வரலன்னு கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மாமாவும் கூட வந்தாவ. மத்தியானமே ஒரு கல்யாணத்துக்குப் போவணும்னு போயிட்டாவ. நாங்க பொழுது சாயுத வரைக்கும் அந்த வெயில்ல கெடந்தோம். டெல்லிக்குப் போனா மட்டும் இருந்து கேட்டுட்டு வருவாவளா?"

"அதில்லம்மா. மதம் அது இதுன்னு ஏதாவது..."

"என்ன மதம்?" என்று நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் நன்றி சொல்லிவிட்டுக் காருக்கு வந்தார். பெண்கள் மத்தியிலும் எதிர்ப்பு என்று போனில் சொன்னார்.

சுற்றி முடிந்து வக்கீலை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். மாமா மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை பொறுத்தவர், "சரி, சொல்லுப்பா" என்றார்.

ஊர் ஊராகச் சொன்னேன். ஒவ்வொரு ஊர் பெயருக்கும் அவர் தலையை ஆட்டினார். யார் பேசியிருப்பார்கள் என்று அவருக்கே ஊகம் இருந்தது. துண்டு போட்டவர் அன்றைக்குத்தான் காலையில் உளுந்து கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். பருத்திக்காட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எந்தக் காடு?"

"இப்பவா போவணும்?"

"வெளிச்சம் இருக்குல்லா. எடு வண்டிய."

அந்தப் பெண் பருத்தியைச் சாக்குத் தாட்டில் கட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். மாமாவைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தாரே தவிர, முகம் மாறவில்லை.

"ஏட்டி, எனக்கு ஓட்டுப் போட மாட்டேன்னியாமே" என்றார் மாமா வரப்பில் நின்றபடி.

"ஆமா, சொன்னேன்."

"அது என் தங்கச்சி மக கல்யாணம்ட்டீ. நான் போவாம முடியுமா?"

"போவணும்னா வந்திருக்கக் கூடாது. வந்தா இருந்திருக்கணும். நீங்க எந்திரிச்சுப் போனதப் பாத்துட்டுத்தான் அந்த ஆபீசரும் சாப்பிடப் போயிட்டான்."

"தாசில்தார்ட்ட சொல்லிட்டுத்தான போனேன்."

"அவன்ட்ட சொன்னதுக்கு எங்ககிட்டச் சொல்லியிருந்தா நாங்களும் வீட்டுக்காவது போயிருப்போம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். நான் காரில் சாய்ந்து நின்றேன். சமாதானம் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டு உண்டு என்று அந்தப் பெண் சொல்லவும் இல்லை. திரும்பி வரும்போது மாமா விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

"இத்தன பேர்ல அவ ஒருத்திதாம்ப்பா என்னைய வேட்பாளரா நெனச்சுப் பேசியிருக்கா. மத்தவனெல்லாம் என்னைய மாமாவாவே வச்சிருக்கானுவ."

வேட்பாளர் பட்டியல் வந்த அன்று கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தொகுதிக்குச் சென்னையில் காலேஜ்கள் நடத்துகிற ஒருவரின் பெயர் வந்தது. அவருடைய தாத்தா இந்தப் பக்கத்துக்காரர் என்றார்கள். சாதியும் ஒத்துவரும். கொஞ்ச நேரத்தில் மாவட்டத்திலிருந்து போன் வந்தது. கை முழுக்க உளுந்துத் தூசி என்பதால் மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், நான் எவ்வளவோ பேசினேன். ரிப்போர்ட் சரியில்ல. மக்கள் இன்னும் தயாராகல பாய். அவருக்கு ஊர்நாடு ஒண்ணும் தெரியாது. ஊர் ஊரா ஜீப்ல நின்னு நீங்கதான் அறிமுகப்படுத்தணும். உங்க முகத்துக்குத்தான் ஓட்டு."

"சரி" என்றார் மாமா.

போனை வைத்ததும் நான் கேட்டேன், ஏன் சரி என்று சொன்னீர்கள் என்று. தேவையில்லாத கேள்விதான்.

"நம்ம கட்சில்லா" என்றார். பிறகு சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு தொழுகைக்குப் போனார்.

பிரச்சாரம் தொடங்கியது. திறந்த ஜீப்பில் காலேஜ்காரரும் மாமாவும் நிற்பார்கள். தண்ணீர் பாட்டிலும் சால்வைகளும் ஏற்றிக்கொண்டு பின்னால் நான் போவேன். காலேஜ்காரர் கெட்டவர் இல்லை. வெயில் தாங்காத உடம்பு. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள். சுற்றி முடித்து அவர் நெற்றியில் குங்குமம் வைப்பார்கள். தட்டு மாமாவிடம் வரும்போது ஒரு நிமிஷம் நிற்கும். "மாமாவுக்கு வேண்டாம்ட்டீ" என்று யாராவது பின்னாலிருந்து சொல்லுவார்கள். வைத்துவிட்டவர்களும் உண்டு. அவர் குனிந்து வாங்கிக்கொள்வார். மத்தியானத் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவும்போது அது போய்விடும். சாயங்காலம் வேறு ஊரில் மறுபடி வரும்.

அறிமுகம் நன்றாகவே செய்தார். இந்த ஊரில் எது நடக்கவில்லை, யார் கேட்டு அலைந்தார்கள் என்பதை இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லி, அதை இவர் டெல்லியில் பேசுவார் என்று முடிப்பார். காலேஜ்காரர் கும்பிடுவார்.

நாங்கள் வக்கீலோடு முதலில் போன அந்த ஊருக்கு ஜீப் வந்தது. டீக்கடை முன்னால் நல்ல கூட்டம். மாமா பேசி முடித்ததும் அந்த வெள்ளைத் துண்டுக்காரரே முன்னால் வந்தார்.

"எல்லாம் சரி மாமா. நீங்க ஏன் நிக்கல? நாங்க எல்லாரும் உங்களத்தான் எதிர்பாத்தோம்" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார்.

மைக் மாமாவின் கையில் இருந்தது. அவர் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"என்னைய நிறுத்தினா கிழக்கூர்க்காரன் ஓட்டுப் போட மாட்டான்னு நீங்கதான மாப்ளே சொன்னிய."

துண்டுக்காரர் டீக்கடைக்காரரைப் பார்த்தார். டீக்கடைக்காரர் பாய்லரைப் பார்த்தார்.

"பரவால்ல. இப்ப அங்கதான் போறோம். கேட்டுருதேன்" என்றார் மாமா.

சிரிப்பு எழுந்தது. காலேஜ்காரரும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிழக்கூரில் ஆரத்தி முடிந்தது. மாமா மைக்கை வாங்கினார். அறிமுகம் செய்யவில்லை.

"மேக்க இருக்க ஊர்க்காரங்க ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்காவ. நான் நின்னா நீங்க ஓட்டுப் போட மாட்டீங்களாம். சாமி சாதின்னு நிப்பீங்களாம். நெசமா?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் அந்த ஊர் கொதித்துவிட்டது.

"எவன்வே சொன்னது?"

"போட மாட்டேன்னவன் அவனா இருப்பான் மாமா. எங்க கொடைக்கு மைக்செட்டு ஆரு உபயம்னு அவன்ட்டக் கேளுங்க."

"ஊரு பேரக் கெடுக்கதுக்கே இருக்கானுவ. வண்டிய எடுலே, போய்க் கேப்போம்."

இரண்டு பைக் கிளம்பியும்விட்டது. மாமா மைக்கை விடவில்லை. "சண்டைக்குப் போவாண்டாம். தெக்கூர்க்காரன் போட மாட்டான்னு நீங்களும் சொன்னிய. நான் ஊரக் கேக்கல. ஒவ்வொருத்தர் ஓட்டத்தான் கேக்கேன். நான் நின்னிருந்தா நீங்க போட்டிருப்பியளா, மாட்டியளா?"

காலேஜ்காரருடைய ஆட்களில் ஒருவன் ஜீப்பில் ஏறி மைக்கின் ஒயரைப் பிடுங்கினான். இன்னொருவன் மாமாவின் தோளில் கைபோட்டு, வெயில் பாய், கொஞ்சம் இறங்கி உட்காருங்கள் என்று இறக்கினான். பார்க்கிறவர்களுக்கு அன்பாகத் தெரியும்படிதான் செய்தார்கள். அவரை என் காரில் கொண்டுவந்து ஏற்றினார்கள். "பாயை வீட்டுல விட்டுருப்பா. இனிமே வர வேண்டாம்னு சொல்லிரு" என்று என்னிடம் சொன்னான், அவர் கேட்கும்படியே. ஒயரைச் சொருகிவிட்டு ஜீப் தெற்கே போய்விட்டது. கூட்டத்தில் பாதி அதன் பின்னால் போனது.

மாமா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் குங்குமமும் வியர்வையும் கலந்து வழிந்தது. கட்சியில் அவர் கதை அன்றோடு முடிந்தது என்று எனக்கே தெரிந்தது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். அப்போது வேப்பமரத்தடியிலிருந்து ஒருவர் வந்து கார்க் கதவைப் பிடித்தார். அன்றைக்குச் சீட்டை விசிறியாகப் பிடித்துக்கொண்டு பேசியவர். மாமாவைவிட வயது ஒன்றிரண்டு கூட இருக்கும்.

"மாப்ளே" என்றார். மாமா நிமிர்ந்தார்.

"கேட்டிய. அதனால சொல்லுதேன். நான் போட்டிருக்க மாட்டேன்."

மாமா மடியிலிருந்த பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார்.

"உங்க மேல ஒரு கொறையும் இல்ல. எம்மக பிரசவத்துக்குக் கார் அனுப்பினிய, அத நான் மறக்கல. ஆனாலும் பொத்தான அமுக்குத நேரத்துல கை வராது. பழகிப்போச்சு. அன்னைக்கு அந்த வக்கீலு கேட்டப்ப தெக்கூர்க்காரன் மேல போட்டுட்டேன்."

பின்னால் நின்ற இரண்டு மூன்று பேர் நகர்ந்துகொண்டார்கள். ஒரு பையன் மட்டும், "நான் போட்டிருப்பேன் மாமா" என்றான். மாமா அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆனால் பெரியவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுதாலும் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"எது பழகிப்போச்சு? அதச் சொல்லுங்க" என்றார்.

"இங்கன நின்னுக்கிட்டா?"

"உக்காந்து பேசுவோம். எனக்கு இனிமே ஒரு சோலியும் இல்ல."

இரண்டு பேரும் மரத்தடிக்கு நடந்தார்கள். நான் இன்ஜினை அணைத்தேன்.